கிணற்றுக்குள் ஓடிய ரயில்

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பில் 26 பிள்ளைகள். ‘நான் ஒரு பறவையானால்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். 24 பேர் ஒரே கட்டுரையை எழுதியிருந்தார்கள். எல்லாம் கைடில் இருப்பது. மீதி இரண்டும் வெற்றுத் தாள். ‘சொந்தமா எழுதுங்க’ என்றால் ‘நீங்க சொல்லுங்க மிஸ், எழுதுறோம்’ என்கிறார்கள். ஒரு பையன் மட்டும் நேர்மாறு. வாயைத் திறந்தால் புளுகு. கிணற்றுக்குள் ரயில் ஓடுவதை அவன் தாத்தா பார்த்தாராம். பாடம் நடக்கும்போது இதைச் சொல்லி வகுப்பையே கலைத்துவிட்டான். வெளியே நிற்க வைத்தேன். வெற்றுத் தாள் கொடுத்த இருவரில் அவனும் ஒருவன். எனக்கே கற்பனை வராது, கதை கேட்டு வளர்ந்தவளும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பனையைச் சொல்லித்தர முடியுமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் அந்தப் பையன் வந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். கிணற்றுக்குள் ரயில் எப்படி இறங்கியது, அந்த இருட்டில் எந்த ஸ்டேஷனுக்குப் போகிறது, தாத்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாரா, டிக்கெட் எடுத்தாரா என்று எனக்கு வரிசையாகக் கேள்விகள். இவ்வளவு கேள்வியை ஒரே வரியில் கிளப்பிவிட்ட பிள்ளை, எழுதச் சொன்னால் வெற்றுத் தாளைக் கொடுக்கிறான். நீங்கள் கேட்டதற்கான பதில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்கிறது. அவனிடம் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 24 பேர். அவர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவர்கள் கணக்குப் போட்டு நடந்திருக்கிறார்கள். கைடில் உள்ளதை எழுதினால் பிழை வராது, திட்டு வராது, மதிப்பெண் வரும். சொந்தமாக எழுதினால் மூன்றுமே சந்தேகம். பதினொரு வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? தலைப்பிலும் சிக்கல் இருக்கிறது. எந்தப் பறவை, எந்த ஊர், அதற்கு இன்று என்ன கஷ்டம் என்று ஒன்றுமே இல்லை. பற்றி ஏற ஒரு கொம்பு இல்லாவிட்டால் கொடி என்ன செய்யும்? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘நீ ஒரு காகம். நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் முருங்கை மரத்தில் உன் கூடு. இன்றைக்குப் பள்ளி லீவு. உனக்கு அது தெரியாது. பன்னிரண்டரை மணி ஆகிவிட்டது.’ இதற்குக் கைடில் விடை கிடையாது. பிள்ளைகளுக்கோ அந்த மரம் தெரியும், அந்தக் காகம் தெரியும், பசியும் தெரியும்.

பலர் நினைப்பதற்கு மாறாக, பிள்ளைகளிடம் ‘எது வேண்டுமானாலும் எழுது’ என்று சொல்லும்போது அவர்களுக்குச் சுதந்திரம் கிடைப்பதில்லை, பயம்தான் வருகிறது. இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளிகளில் கதை சொல்லியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் வருகிறேன். வாசலைக் கொஞ்சம் குறுக்கி வைத்தால்தான் பிள்ளைகள் ஓடி வந்து நுழைகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கேட்பதற்கு ஒரு காது வேண்டும். நம் கதை மரபில் இதற்கு ஓர் இடமே வைத்திருந்தார்கள். பாட்டி கதை சொன்னால் பிள்ளைகள் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறாரே, அதுவும் இந்த வேலைதான். அந்த ‘ஆமா’ தரும் தைரியத்தில்தான் அடுத்த வரி பிறக்கிறது. உங்கள் வகுப்பில் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் ‘ம்’ கொட்ட வேண்டும். கேட்பவருக்கு மூன்று கேள்விதான் அனுமதி: ‘அப்புறம்?’, ‘அது எப்படி இருந்துச்சு?’, ‘அப்ப என்ன சத்தம் கேட்டுச்சு?’ ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு வாரம் யாரும் பேனாவைத் தொடவே கூடாது. பேச்சில் வராத கதை தாளில் வராது.

என்ன கதை சொல்வது என்று தெரியவில்லை என்றால், பெயரை மறந்த ஈயின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கதை கேட்டு வளரவில்லை என்றீர்களே, இதை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஓர் ஈக்குத் தன் பெயர் மறந்துபோனது. பக்கத்தில் நின்ற கன்றிடம் போய்க் கேட்டது. ‘எனக்குத் தெரியாது, என் அம்மாவைக் கேள்’ என்றது கன்று. அம்மா, மேய்ப்பவனைக் கேட்கச் சொன்னது. அவன் தன் கைக்கோலைக் கேட்கச் சொன்னான். இப்படியே போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொருவரிடமும் ஈ முழு வரிசையையும் பாடித்தான் கேட்க வேண்டும்: ‘கொழு கொழு கன்னே, கன்னின் தாயே, தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே, கோல் இருக்கும் மரமே, மரத்தில் இருக்கும் கொக்கே…’ என்று குளம், மீன், வலைஞன், சட்டி, குயவன், மண், புல் எல்லாம் தாண்டிக் கடைசியில் குதிரையிடம் வந்து நிற்கும். குதிரைக்குச் சிரிப்பு வந்துவிடும். ‘ஈ ஈ ஈ’ என்று கனைக்கும். ‘அட, அதுதானே என் பெயர்!’ என்று ஈ பறந்துவிடும். ஊருக்கு ஊர் இந்த வரிசை கொஞ்சம் மாறும். நீங்களும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கதையை வகுப்பில் நாலு தடவை சேர்ந்து பாடுங்கள். ஐந்தாவது தடவை கன்றை எடுத்துவிட்டு, ‘நம் ஊர் ஈ யாரைக் கேட்கும்?’ என்று விட்டுவிடுங்கள். ஒரு பள்ளியில் பிள்ளைகள் கட்டிய வரிசை என் நோட்டில் இருக்கிறது: ‘ஊருக்கு வரும் மினி பஸ்ஸே, பஸ்ஸை ஓட்டும் அண்ணா, அண்ணன் குடிக்கும் டீயே, டீயில் ஊத்தும் பாலே, பாலைக் கொண்டாரும் சைக்கிளே…’ அந்த சைக்கிள் பிரேக் பிடித்தபோது ‘க்ரீ…ஈ…ஈ…’ என்று கத்தியதாம். குதிரையே பார்த்திராத பிள்ளைகள் அந்த முடிவைக் கண்டுபிடித்துவிட்டு மேஜையைத் தட்டிக்கொண்டு குதித்தார்கள். கதையின் எலும்பு பழையது, ஆனால் சதை முழுக்க அவர்களுடையது. பத்து நிமிடத்துக்கு முன்பு ‘நீங்க சொல்லுங்க சார்’ என்று உட்கார்ந்திருந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

இன்னொரு விளையாட்டு. இத்தாலியில் ஜியான்னி ரொடாரி என்ற குழந்தை எழுத்தாளர் இருந்தார். இளம் வயதில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். குழந்தை இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1970இல் பெற்றவர். 1972 மார்ச்சில் ரெஜ்ஜியோ எமிலியா என்ற ஊரில் ஆசிரியர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து கதை உண்டாக்கும் வழிகளைப் பேசினார். அதில் ஒன்றுதான் இரண்டு சொல் விளையாட்டு. ஒரு சொல் மட்டும் இருந்தால் கதை பிறக்காது, இரண்டு வேண்டும், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்க வேண்டும் என்பார். குதிரையும் நாயும் என்றால் பலன் இல்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவர் கொடுத்த உதாரணம் நாயும் அலமாரியும்.

கரும்பலகையின் இந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் பின்பக்கம் ஒரு பிள்ளையும் நின்று, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் ஆளுக்கு ஒரு சொல் எழுத வேண்டும். சுவரில் பதித்த பலகை என்றால் இரண்டு சிலேட்டு போதும். ‘ஆடு’, ‘பீரோ’ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ரொடாரி தன் மொழியில் பெயருக்கு முன்னால் வரும் சிறு சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டையும் இணைத்தார். தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு செய்கிறது. பீரோவுக்குள் ஆடு. ஆட்டின் பீரோ. ஆட்டுக்கு ஒரு பீரோ. பீரோவோடு ஆடு. பீரோவை ஆடு… ஆட்டைப் பீரோ… இரண்டு சொல்லும் மாறவில்லை, ஒட்டு மட்டும்தான் மாறுகிறது. ஒவ்வொன்றும் வேறு கதை. தமிழ் டீச்சரான உங்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடைக்காது என்று நினைக்கிறேன். மேல் வகுப்பில் வேற்றுமையை எட்டாகப் பிரித்து மனப்பாடம் செய்யும்போது, இந்தப் பிள்ளைகளுக்கு ‘கு’ என்றால் என்ன செய்யும், ‘ஐ’ என்றால் என்ன செய்யும் என்பது ஏற்கெனவே கையில் பழகியிருக்கும்.

தென் மாவட்டப் பள்ளி ஒன்றில் இதே ஆடும் பீரோவும்தான் வந்தன. ஒரு பெண் பிள்ளை ‘ஆட்டுக்கு ஒரு பீரோ’வை எடுத்துக்கொண்டாள். கோயில் கொடைத் திருவிழாவில் பலி கொடுக்க நேர்ந்துவிட்ட ஆடு ஒன்று. கொடைக்கு முந்தின ராத்திரி அது பீரோவுக்குள் போய் உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டது. ஊரே தேடுகிறது. பீரோ திறக்கவில்லை. சாவி எங்கே என்று கேட்டேன். ‘ஆடு முழுங்கிட்டு’ என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. போன மாதம் கொடைக்குக் கொடுத்தது அவள் வளர்த்த கிடா என்று பிறகு அந்த வகுப்பு டீச்சர் என்னிடம் சொன்னார். ‘உன் மனதில் இருப்பதை எழுது’ என்று நான் கேட்டிருந்தால் அவள் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டாள். ஆட்டையும் பீரோவையும் கொடுத்ததால் சொல்ல முடிந்தது. இந்த விளையாட்டுகளை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் ஞாபகம் வரும்.

உங்கள் பையனுக்கு வருவோம். அவன் சொன்னது புளுகா, கதையா? வீட்டுப்பாடம் செய்யாமல் ‘நோட்டை ஆடு தின்னுட்டு’ என்றால் அது தப்பிக்கச் சொல்கிற பொய். அதைக் கண்டிக்கலாம். அடிக்கடி அப்படிச் சொன்னால் எதற்குப் பயப்படுகிறான் என்றும் பார்க்க வேண்டும். கிணற்றுக்குள் ரயில் ஓடியது என்று சொல்வதால் அவனுக்கு என்ன லாபம்? அது கதை. நேரம் தவறி வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது: ‘ஒரு ஊர்ல’. அதைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நரி பேசலாம், மரம் நடக்கலாம், யாரும் ‘நிஜமா?’ என்று கேட்க மாட்டார்கள். வகுப்பின் ஒரு மூலையில் ஒரு முக்காலியைப் போடுங்கள். அதில் உட்கார்ந்து ‘ஒரு ஊர்ல’ என்று ஆரம்பித்தால் எதையும் சொல்லலாம் என்று சட்டம் வையுங்கள். ஒரு தடவை அந்த முக்காலி கிடைத்துவிட்டால், பாடத்தின் நடுவே கலைப்பது தானாகக் குறையும். ‘முக்காலி நேரத்துல சொல்லுடா’ என்றால் அவனே காத்திருப்பான்.

இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு பழைய உறுத்தல் உண்டு. கதை சொல்லப் போக ஆரம்பித்த புதிதில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ‘எங்க கோழி மெட்ராஸ் வரைக்கும் பறந்துச்சு’ என்றாள். ‘கோழி அவ்வளவு தூரம் பறக்காதே பாப்பா’ என்று அன்பாகத்தான் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க அவள் கை மறுபடி உயரவில்லை. அடுத்த நாள் நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டியது, ‘வழியில எந்த ஊர்ல இறங்கி முட்டை போட்டுச்சு?’ என்பது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் கதையிலும் நான் உண்மையைச் சரிபார்ப்பதில்லை.

எழுத்துக்கு எப்போது வருவது? மூன்றாவது வாரத்தில் வரலாம். முதலில் நீங்கள் எழுதுங்கள். அமெரிக்காவில் விவியன் பேலி என்ற மழலையர் வகுப்பு ஆசிரியை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளியில் பல ஆண்டுகள் இதைச் செய்தார். பிள்ளை சொல்லச் சொல்ல, சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பு முழுவதும் வட்டமாக உட்கார, அந்தக் கதையைப் பிள்ளைகளே நடித்துக் காட்டுவார்கள். தான் வாயால் சொன்னது எழுத்தாகி, நண்பர்களின் உடம்பில் ஏறி நடமாடுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகள் பெரியவர்கள், அவர்களுக்குள்ளேயே ஒருவர் சொல்ல ஒருவர் எழுதலாம். ‘போச்சு’, ‘வந்துட்டு’ என்று பேச்சு வழக்கில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். முதல் படியில் சிவப்பு மையைத் தொடாதீர்கள். கதைக்குக் கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள், உங்களுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும் கேள்வியாக. ஒற்று, சந்தி எல்லாம் இரண்டாம் படியில். சுவரில் ஒட்டப் போகிறோம் என்று சொன்னால் பிழை திருத்த அவர்களே வந்து நிற்பார்கள்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்: ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்ற கேள்வியை. கதை முடிந்த கையோடு நீதி கேட்டுக் கேட்டு, ஒரு விடை மட்டுமே சரி என்று பழக்கிவிட்டோம். காக்கா வடை கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காக்கா ஏமாந்தது, நரி ஏமாற்றியது, நீதி எழுதியாகிவிட்டது. வடை பறிகொடுத்தது பாட்டி. அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு நஷ்டம்? சாயங்காலம் வீட்டில் என்ன சொன்னாள்? மறுநாள் அதே மரத்தடிக்குப் போனாளா? யாரும் கேட்டதில்லை. ‘பாட்டி சொல்கிற மாதிரி இந்தக் கதையைச் சொல்’ என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் அம்மா இட்லிக் கடையோ பூக்கடையோ வைத்திருக்கும் பிள்ளைகள் முதலில் கையைத் தூக்குவார்கள்.

இனி உங்களைப் பற்றி. ‘எனக்கே கற்பனை வராது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930இல் குழந்தைகளின் கற்பனை பற்றி எழுதியபோது, கற்பனை வெறுமையிலிருந்து வருவதில்லை, பார்த்ததையும் பட்டதையும் கலைத்துப் புதிதாக அடுக்குவதுதான் அது என்றார். அனுபவம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கற்பனைக்கும் பொருள் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் வகுப்பில் மற்ற எல்லாரையும்விட உங்களிடம்தான் சரக்கு அதிகம். நீங்கள் கதை சொல்லியாக மாற வேண்டாம். பெயரை மறந்த ஈயோடு தொடங்கினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்களிடம் அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது, ‘அப்புறம்?’ என்று ஆசையோடு கேட்கும் ஒருவர். அதை இந்த வாரமே செய்யலாம்.

‘சிலபஸ் முடிக்கணுமே, தலைமை ஆசிரியர் என்ன சொல்வாரோ’ என்ற கவலை இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், பதினைந்து நிமிடம் போதும். பாடம் நடக்கும்போதே வகுப்பில் போடும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் இருக்கிறது, கதைகளை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளிக்குத் தேன்சிட்டு இதழ் வருமானால், மற்ற பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை அதிலிருந்து படித்துக் காட்டுங்கள். தன் வயதுப் பிள்ளையின் எழுத்து அச்சில் வந்திருப்பதைப் பார்ப்பது பெரிய தெம்பு. முதல் நாள் சத்தம் தாங்க முடியாது, ஒன்றும் நடக்காத மாதிரிகூட இருக்கும். குஜராத்தில் பாவ்நகரில் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்திய கிஜுபாய் பதேகா எழுதிய ‘பகற்கனவு’ தமிழில் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்கப் பார்த்துத் தோற்றுப் போவார். அடுத்த நாள் கதையோடு வருவார். நேரம் கிடைத்தால் படியுங்கள்.

திங்கட்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டு, அன்றைக்கு வெளியே நிற்க வைத்ததற்கு வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்புறம் முக்காலியில் உட்கார வைத்து, ‘ம்’ கொட்ட 25 பேரையும் எதிரில் உட்கார வையுங்கள். ரயில் எந்த ஸ்டேஷனில் நின்றது, தாத்தா ஏறினாரா இல்லையா என்று அவன் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவன் சரி என்றால் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள், டீச்சர். ரயில் மறுபடி மேலே வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.